ஒரு கைப்பிடி விதை கை மாறிய கதை



குட்டை ரகம் என்றால் இன்றைக்கு யாருக்கும் அதிசயமில்லை. இடுப்பு உயரம் நிற்கும். யூரியா போட்டாலும் தாங்கும். கதிர் முற்றுகிறவரை கீழே படுக்காது. நெல் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று நம்ம பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அவர்கள் இளவட்டமாக இருந்தபோது பயிர் மார்பளவு வளரும், சில ரகம் ஆளையே மறைக்கும். வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தழைச்சத்து கொஞ்சம் கூடிப்போச்சோ, வந்தது வினை. தாள் மெலிந்து உயர்ந்து, கதிர்ப் பாரம் தாங்காமல், ஒரு மழைக்கும் காற்றுக்கும் வயல் முழுக்கப் பாய் விரித்த மாதிரி படுத்துவிடும். உரம் போட்டால் விளைச்சல் கூடும் என்று தெரிந்தும் போட முடியாத நிலை. கோதுமை போடுகிற சீமையிலும் இதே கஷ்டம்தான்.

இந்தக் கஷ்டத்தைத் தீர்த்தவர் யார் என்று கேட்டால், பள்ளிக்கூடப் புத்தகம் நார்மன் போர்லாக் என்று சொல்லும், எம்.எஸ். சுவாமிநாதன் என்று சொல்லும். சொல்வதில் தப்பில்லை. ஆனால் அவர்கள் கைக்கு அந்த விதை எப்படி வந்தது? யார் கொடுத்தார்கள்? கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் என்ன பழக்கம்? அதைப் புத்தகங்கள் ரெண்டு வரியில் முடித்துவிடும். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு ஊரில் நல்ல விதை இருந்து, பக்கத்து ஊருக்கு அது போகாமல் பத்து வருஷம் கிடக்கும். ஒரு கல்யாணச் சம்பந்தம் ஏற்பட்டதும், மறுவருஷமே அங்கே போய் முளைத்து நிற்கும். இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விஞ்ஞானிகள் உலகத்திலும் நடப்பு இப்படித்தான் இருக்கிறது.

முதலில் ஜப்பானுக்குப் போவோம். 1870களில் ஹோரஸ் கேப்ரன் என்ற அமெரிக்கர் அங்கே விவசாய ஆலோசகராக இருந்தார். சாதாரண ஆள் இல்லை, அமெரிக்க சர்க்காரின் விவசாயத் துறைக்கே தலைவராக இருந்துவிட்டு வந்தவர். ஜப்பானிய விவசாயிகள் குட்டைக் கோதுமை வளர்ப்பதையும், எவ்வளவு எரு போட்டாலும் அது சாயாமல் நிற்பதையும் பார்த்து, 1873ல் தம் ஊருக்கு எழுதிவிட்டார். எழுதினது அச்சாகியும் போச்சு. அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. அமெரிக்கக் கோதுமை வயல்களில் பயிர் பாட்டுக்குச் சாய்ந்துகொண்டே இருந்தது. சேதி கடல் தாண்டி வந்து சேர்ந்தும், எழுபது வருஷத்துக்கு மேல் அது யாருக்கும் உதவவில்லை. அறிக்கையைப் படிக்கிறவருக்கு விதை வேண்டும். விதையை அனுப்ப ஒருவர் வேண்டும். வந்த விதையை வாங்கி வயலில் போட்டுப் பார்க்க, அதே கவலையோடு ஒருவர் காத்திருக்க வேண்டும். மூன்றும் கூடவில்லை.

ஜப்பானியர்கள் இதற்கிடையே சும்மா இல்லை. அவர்களிடம் 'தருமா' என்று ஒரு குட்டைக் கோதுமை இருந்தது. தருமா என்பது அங்கே ஒரு பொம்மையின் பெயர். போதிதருமரை நினைத்துச் செய்வது. நம்ம தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி, தள்ளினாலும் எழுந்து நிமிரும். (போதிதருமர் காஞ்சிபுரத்துக்காரர் என்று நம்ம பக்கத்தில் சொல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.) அந்தத் தருமாவை, அமெரிக்காவிலிருந்து வந்த 'ஃபுல்ட்ஸ்' என்ற கோதுமையோடு 1917ல் கலந்தார்கள். வந்த வாரிசை 1925ல் 'டர்க்கி ரெட்' என்ற ரகத்தோடு மறுபடி கலந்தார்கள். அந்த டர்க்கி ரெட், ருஷ்யப் பக்கத்திலிருந்து குடியேறிய மக்கள் அமெரிக்காவுக்கு மூட்டை கட்டிக்கொண்டு வந்த விதை. ஆக மூன்று தேசத்துச் சம்பந்தம். வடக்கு ஜப்பானில் மோரியோகா பக்கத்து ஆராய்ச்சிப் பண்ணையில் கொன்ஜிரோ இனாசுகா என்பவர் அதிலிருந்து தேர்ந்தெடுத்து, 1935ல் 'நோரின் 10' என்று வெளியிட்டார். நோரின் என்றால் விவசாய வனத் துறை என்பதன் சுருக்கம். அதனால் நெல்லிலும் ஒரு நோரின் 10 உண்டு. அது வேறு, இது வேறு. பின்னால் அந்த நெல்லும் நம்ம கதைக்குள் வரப்போகிறது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தது. ஜப்பான் தோற்று, அமெரிக்கப் படை அங்கே உட்கார்ந்தது. படையோடு விவசாய ஆலோசகராக வந்தவர் சால்மன் என்ற கோதுமை விஞ்ஞானி. 1946ல் மோரியோகாப் பண்ணைக்குப் போனவர், இரண்டடி உயரத்தில் தூர் கட்டிக் கெட்டியாக நிற்கும் நோரின் 10ஐக் கண்டார். கேப்ரன் கண்டதும் இதே மாதிரிப் பயிர்தான். ஆனால் சால்மன் வாழ்நாள் முழுக்கக் கோதுமையோடு பழகினவர். ஊரில் யாருக்கு இது தேவை, எந்தப் பண்ணையில் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது அவருக்கு அத்துப்படி. 16 ரகங்களின் விதையை ஊருக்கு அனுப்பினார். அது பல பண்ணைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது.

அதில் ஒரு பங்கு வாஷிங்டன் மாநிலத்தில் புல்மன் என்ற ஊரில் இருந்த ஓர்வில் வோகலுக்குப் போச்சு. நோரின் 10ஐ அப்படியே போட்டால் அங்கத்திய சீதோஷ்ணத்துக்கு ஒத்துவரவில்லை. நோய் பிடித்தது. 1949ல் உள்ளூர் 'பிரீவர்' ரகத்தோடு கலந்து, வருஷக்கணக்காகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அதே சமயம் மெக்சிகோவில் போர்லாக் வேறு ஒரு முட்டுச்சந்தில் நின்றார். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் விவசாயத் திட்டத்தில் 1944லிருந்து வேலை. துருநோயைத் தாங்கும் கோதுமையை உண்டாக்கிவிட்டார். உரம் போட்டால் பயிர் படுக்கிறது. உலகத்துக் கோதுமைச் சேகரிப்பையெல்லாம் சலித்துப் பார்த்தும் குட்டைத் தாள் கிடைக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று அந்த மெக்சிகோக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். திட்டத்துக்கு வழி சொன்னவர்களில் ஒருவர் மினசோட்டாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஸ்டேக்மன். திட்டத்தை நடத்திய ஜார்ஜ் ஹாரார் அவருடைய மாணாக்கர். போர்லாக்கும் அவருடைய மாணாக்கர். ஒரே வாத்தியாரிடம் பாடம் கேட்டவர்கள். ஒருவரை ஒருவர் நம்பலாம், சண்டை போட்டாலும் சேர்ந்துகொள்ளலாம். அப்படி ஒரு சண்டையும் வந்தது. ஒரே வருஷத்தில் வடக்கே சோனோராவில் ஒரு போகம், தெற்கே தொலூக்கா மேட்டு நிலத்தில் ஒரு போகம் என்று விதையைத் தூக்கிக்கொண்டு அலைவேன் என்றார் போர்லாக். கூடாது என்றார் ஹாரார். போர்லாக் ராஜிநாமா அளவுக்குப் போய்விட்டார். பெரியவர் ஸ்டேக்மன் நடுவில் வந்து சமாதானம் செய்தார். வேலை பாதி நாளில் முடிகிறது என்பது ஒரு லாபம். யாரும் எதிர்பாராத இன்னொரு லாபம், பகல் நீண்டாலும் குறைந்தாலும் கவலைப்படாமல் பூக்கிற கோதுமை அந்த அலைச்சலில் தேறி வந்தது. இல்லாவிட்டால் மெக்சிகோ விதை பஞ்சாபில் வேலை செய்திருக்காது.

ஆனால் பாருங்கள், இத்தனை நெருக்கமான கூட்டத்தில் யாரிடமும் குட்டை விதை இல்லை. எல்லோரும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள், ஒரே சேகரிப்பைப் பார்த்தவர்கள். ஒருவருக்குத் தெரியாதது மற்றவருக்கும் தெரியாது. சேதி வெளியிலிருந்துதான் வந்தது. அமெரிக்க விவசாயத் துறையில் பர்ட்டன் பேல்ஸ் என்று ஒருவர். 1952ல் ஒரு பயணத்தின்போது பேச்சுவாக்கில், புல்மனில் வோகல் ஜப்பான் குட்டையை வைத்துக் கலப்புச் செய்கிறார் என்று போர்லாக்கிடம் சொன்னார். போர்லாக் உடனே வோகலுக்குக் கடிதம் எழுதினார். 1953ல் விதை வந்து சேர்ந்தது.

அந்த விதை வந்த விதத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வோகலின் சொந்த ரகமான 'கெய்ன்ஸ்' வெளியானது 1961ல். அதாவது தம் வேலை முடிய இன்னும் எட்டு வருஷம் இருக்கும்போதே, தம் வயலில் பாதி தேறியிருந்த கலப்பு விதையை, அதிகம் பழகாத ஒரு மனிதர் கேட்டார் என்பதற்காக உறையில் போட்டு அனுப்பிவிட்டார். 'முதலில் என் பெயரில் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லவில்லை.

வந்த விதையை போர்லாக் 1954ல் கலந்தார். துருநோய் வந்து அத்தனையும் போச்சு. நல்லவேளையாகக் கொஞ்சம் மணிகளைப் போடாமல் உறையிலேயே விட்டு வைத்திருந்தார். மறுவருஷம் அதை வைத்துத்தான் கலப்பு பிடித்தது. 1962ல் 'பிட்டிக் 62', 'பென்ஹாமோ 62' என்று குட்டைக் கோதுமைகள் மெக்சிகோ விவசாயிகள் கைக்குப் போயின. நம்ம வீட்டுப் பெண்கள் விதைக் கத்தரியில் ரெண்டைத் தனியாக எடுத்து அடுப்படியில் தொங்கவிடுவார்களே, அந்தப் புத்திதான் இங்கேயும் காப்பாற்றியது.

1973ல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் பக்கத்தில் ஒரு ஊரில் வேலை மாறியவர்களைத் தேடிப்போய், 'இந்த வேலை இருப்பதை யார் சொன்னார்கள்?' என்று கேட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அடிக்கடி பார்க்கிற ஆள் சொன்னதாகச் சொன்னவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர்தான். மற்றவர்களெல்லாம் எப்போதாவது பார்க்கிறவர், வருஷத்துக்கொரு தரம்கூடச் சந்திக்காதவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டிருந்தார்கள். தினம் பார்க்கிறவனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். புதுச் சேதி தூரத்துப் பழக்கத்தில்தான் வரும் என்பது அவர் சொன்ன விளக்கம். சால்மன், பேல்ஸ் இருவரையும் இந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறார்கள். அவர்கள் குட்டைக் கோதுமையை உண்டாக்கவில்லை. ஒரு கூட்டத்துச் சேதியை இன்னொரு கூட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இருவர் பெயரும் இன்றைக்கு அநேகமாக யாருக்கும் தெரியாது. இனாசுகா பெயரும் அப்படித்தான்.

இனி நம்ம தேசம். டில்லியில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் கும்பகோணத்தில் பிறந்த சுவாமிநாதன், 1950களில் கதிரியக்கம் காட்டிக் கோதுமையைக் குட்டையாக்கப் பார்த்தார். தாள் குட்டையாகும், கூடவே கதிரும் குட்டையாகிவிடும். பிரயோஜனமில்லை. நோரின் 10 சேதி தெரிந்து அவரும் வோகலுக்குத்தான் எழுதினார். வோகல் விதையையும் அனுப்பி, கூடவே யோசனையும் சொன்னார். என்னுடையது குளிர் தேசத்துக் கோதுமை, உங்கள் நாட்டுக் குளிர் அதற்குப் போதாமல் போகலாம், மெக்சிகோவில் இருக்கும் போர்லாக்குக்கு எழுதுங்கள், அவரிடம் உங்களுக்குப் பொருந்துகிற ரகம் இருக்கிறது என்றார். 1963 மார்ச்சில் போர்லாக் இங்கே வந்து கோதுமைச் சீமையைச் சுற்றிப் பார்த்தார். அந்த வருஷமே சில ரகங்களில் நூறு நூறு கிலோவும், சிறு பொட்டலங்களாக நூற்றுக்கணக்கான வரிசைகளும் வந்து இறங்கின. அப்புறம் நடந்தது நீங்கள் அறிந்ததே. அப்போது மத்திய உணவு மந்திரியாக இருந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம். அவர் துணிந்து நின்று, 1966ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வந்தது. 1964-65ல் 1 கோடியே 20 லட்சம் டன் சுமாருக்கு இருந்த கோதுமை விளைச்சல் 1968ல் 1 கோடியே 60 லட்சத்தையும் தாண்டியது.

பாகிஸ்தானும் அதே காலத்தில் அதே விதையை வாங்கியது. 1965ல் இரண்டு நாடும் யுத்தம் செய்துகொண்டிருந்தன. விதை மட்டும் இரண்டு பக்கமும் போச்சு.

நெல் கதைக்கு வருவோம். பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸ் என்ற ஊரில் 1960ல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். ஆட்களைச் சேர்த்த விதத்தைப் பாருங்கள். கலப்புச் செய்ய பீட்டர் ஜென்னிங்ஸ், அமெரிக்கர். மரபியல் பார்க்க டி.டி. சாங். அவர் தைவானில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அங்கே 'டீ-ஜியோ-வூ-ஜென்' என்ற குட்டை நெல் இருப்பதை நேரில் அறிந்தவர். டெக்சாஸ் நெற்பண்ணையில் பல காலம் இருந்த ஹென்றி பீச்செல் 1963ல் வந்து சேர்ந்தார். சாகுபடி முறை பார்க்க எஸ்.கே. தே தத்தா. ஒவ்வொருவரும் ஒவ்வொரு கூட்டத்துக் கை. சாங் இல்லாவிட்டால் தைவான் குட்டை கிடைக்க இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ.

1962ல் ஜென்னிங்ஸ் 38 கலப்புகள் செய்தார். எட்டாவது கலப்பில் தைவான் குட்டையோடு இந்தோனேசியாவின் 'பேட்டா' என்ற நெட்டை ரகம் சேர்ந்தது. அந்தப் பேட்டாவுக்கே ஒரு பக்கம் சீனத்து நெல், மறுபக்கம் வங்காளத்து 'லத்திசைல்'. கிடைத்தது 130 மணி. அதை விதைத்தால் அத்தனையும் நெட்டை! மனம் விட்டுவிடாமல் அதன் மணிகளைப் போட்டு பத்தாயிரம் செடி வளர்த்தபோது, நாலில் ஒரு பங்கு குட்டையாக நின்றது. அதிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி, 288ஆம் வரிசையில் மூன்றாவது செடியிலிருந்து வந்ததுதான் ஐ.ஆர்.8. தே தத்தா உரம் போட்டுச் சோதித்ததில் ஹெக்டேருக்கு ஒன்பது டன்னுக்கு மேல் கண்டது. 1966 நவம்பரில் பெயர் சூட்டினார்கள். நிலையத்துக்கு வந்து கேட்கும் விவசாயிக்கு ஆளுக்கு இரண்டு கிலோ விதை இனாம் என்று சொன்னதும், பஸ்ஸிலும் சைக்கிளிலும் நடந்தும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அந்த ஒரு வருஷத்திலேயே வந்து வாங்கிப்போனார்கள்.

குட்டை ஏன் குட்டை? பயிர் உயர வளர ஜிப்பரெல்லின் என்ற ஒரு சுரப்பு வேண்டும். இதைக் கண்டுபிடித்ததும் ஜப்பானியர்கள்தான். நாற்று நெடுநெடுவென்று வளர்ந்து வெளுத்துச் சாகிற ஒரு நெல் நோயை ஆராய்ந்தபோது அகப்பட்டது. ஐ.ஆர்.8 நெல்லில் அந்தச் சுரப்பு போதிய அளவு ஊறுவதில்லை என்று 2002ல் கண்டார்கள். குட்டைக் கோதுமையில் விஷயம் வேறு. சுரப்பு இருக்கிறது, பயிர் அதன் பேச்சைக் கேட்பதில்லை. இது 1999ல் தெரிந்தது. விதையை உண்டாக்கினவர்கள் யாருக்கும் இந்த விவரம் அப்போது தெரியாது. செடியைப் பார்த்தார்கள், பொறுக்கினார்கள், அவ்வளவுதான்.

நல்லதை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் நீங்களே சிரிப்பீர்கள். ஐ.ஆர்.8 சோறு ஆறினால் விறைத்துப்போகும், அரிசி மோட்டா, சந்தையில் விலை குறைவு. அதைவிடப் பெரிய தொல்லை புகையானும் இலைக்கருகலும். விதை கை மாறுகிற வலை பெரிதாகப் பெரிதாக, எல்லாப் பண்ணையும் அதே தைவான் குட்டையையே கலந்தது. தேசத்துக்குத் தேசம் பெயர் மாறும், உள்ளே இருக்கும் குட்டைக் குணம் ஒன்றே. நெருங்கின வலையில் நல்ல சரக்கு மட்டுமா வேகமாக ஓடும்? பலவீனமும் ஓடும். ஒரு வயலில் வந்த பூச்சிக்கு அடுத்த வயலும், அடுத்த நாடும் தோதாகவே இருந்தன.

பயிரைப் புல் கற்றை மாதிரி ஆக்கிவிடும் ஒரு வைரஸ் நோயும் வந்தது. லாஸ் பானோஸில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். தாங்கினது ஒன்றே ஒன்று. அதுவும் பயிர் செய்கிற நெல்லே அல்ல. உத்தரப் பிரதேசத்துக் காட்டு நெல், 'நிவாரா' என்று பெயர். ஒரு மூட்டைக்கும் உதவாது என்று நம்ம ஆள் களையாகப் பிடுங்கி எறிகிற செடி. அதை ஒரு இந்தியப் பண்ணைக்காரர் சேகரித்து அனுப்பி வைத்திருந்ததால் கையில் இருந்தது. பஞ்சாபில் பிறந்த குர்தேவ் சிங் குஷ் அதைச் சேர்த்து 1976ல் ஐ.ஆர்.36ஐ வெளியிட்டார். ஆறு நாடுகளின் 13 ரகங்கள் அதன் வம்சத்தில் உண்டு. 1980களில் உலகத்தில் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் அது நின்றது.

2019ல் மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஆறரைக் கோடி ஆய்வுக் கட்டுரைகள், காப்புரிமைகள், கம்ப்யூட்டர் நிரல்களைச் சலித்துப் பார்த்து ஒன்று சொன்னார்கள். புதுப் பாதை வெட்டுவது பெரும்பாலும் சின்னக் கூட்டம். வெட்டின பாதையை அகலமாக்கித் தார் போடுவது பெரிய கூட்டம். ஐ.ஆர்.8ஐயும் ஐ.ஆர்.36ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு அது சரியாகவே தோன்றுகிறது. முதலாவதில் நாலைந்து பேர், ஒரு கலப்பு. இரண்டாவதில் பூச்சி பார்ப்பவர், நோய் பார்ப்பவர், சமைத்து ருசி பார்ப்பவர் என்று ஒரு படையே இருந்தது. சின்னதுதான் உசத்தி என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. ஐ.ஆர்.8ஐ மட்டும் நம்பியிருந்தால் புகையான் தின்றிருக்கும்.

இனி நம்ம வீட்டுச் சோற்றுக்கே வருவோம். லாஸ் பானோஸுக்கு முன்னாலேயே ஒரு வலை நம்ம தேசத்தில் பின்னப்பட்டது. கோயமுத்தூர் நெல் பண்ணையில் பேர் எடுத்த கே. ராமையா, கட்டாக்கில் 1946ல் தொடங்கிய மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர். ஜப்பான் நெல் உரத்தைத் தாங்கும், நம்ம நெல் நம்ம சீதோஷ்ணத்தைத் தாங்கும், இரண்டையும் கலந்தால் என்ன என்று ஒரு திட்டம் உலக உணவு விவசாய நிறுவனத்தின் ஆதரவில் 1950களில் அங்கே ஓடியது. ஒவ்வொரு நாடும் தன் விதையை அனுப்பும், கட்டாக்கில் கலப்பார்கள், கலப்பு விதை அந்தந்த நாட்டுக்குத் திரும்பும். பெரும்பாலான கலப்புகளில் பதர் மிஞ்சியது. திட்டம் தோல்வி என்றுகூடச் சிலர் எழுதினார்கள்.

அதில் தேறின ஒன்று நம்ம ஜி.இ.பி.24க்கும் ஜப்பான் நெல் நோரின் 10க்கும் பிறந்தது. முன்னே சொன்னேனே, அந்த நோரின் 10தான். ஜி.இ.பி.24 என்றால் உங்களுக்குப் புரியாது. கிச்சிலி சம்பா என்றால் வாயூறும். 1921ல் கோயமுத்தூர்ப் பண்ணை வெளியிட்டது. இந்தக் கலப்பை ஆடுதுறையில் வளர்த்துப் பொறுக்கி, 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்று விட்டார்கள். 105 நாள், குறுவைக்கு ஏற்றது. திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் பேசியது. எப்போது நாற்று விடுவது, எவ்வளவு உரம் என்று விவசாயிகளையே கூட்டிவந்து பேச வைத்தது. கடைசியில் தஞ்சாவூர் ஜில்லாவில் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் விழுந்துபோச்சு. விஞ்ஞானிகள் வைத்த நம்பரைவிட அந்தப் பேர்தான் வயலில் செல்லுபடியானது.

ரேடியோ சொன்னவுடன் எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று நான் பெருமை பேசப்போவதில்லை. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஒட்டு மக்காச்சோளம் பரவியதைப் பற்றி ரையான், கிராஸ் என்ற இருவர் 259 விவசாயிகளை விசாரித்து 1943ல் எழுதினார்கள். புது விதை இருக்கிறது என்ற சேதியை முதலில் சொன்னவன் பெரும்பாலும் விதை வியாபாரி. ஆனால் போட்டுப் பார்க்கலாம் என்று மனசு இளகியது பக்கத்து வயல்காரர் சொன்ன பிறகு. முதலில் துணிந்தவர்கள் யார் என்று பார்த்தால், டெ மாயின் நகரத்துக்கு மற்றவர்களைவிட அடிக்கடி போய்வந்தவர்கள். மறுபடி பாருங்கள், தூரத்துப் பழக்கம்தான். 1928ல் தொடங்கி 1941க்குள் இரண்டே பேர் தவிர அத்தனை பேரும் மாறிவிட்டார்கள். நம்ம ரேடியோ நெல்லிலும் ரேடியோ வாயைத் திறந்தது, வரப்பில் நின்று பேசிய அண்டை வயல்காரர் காரியத்தை முடித்தார்.

கட்டாக் திட்டத்தில் தேறின இன்னொன்று மலேசியாவின் பங்கு. மலேசிய நெல் ஒன்றும் தைவான் நெல் ஒன்றும் சேர்ந்த கலப்பு, மலேசியாவில் பொறுக்கப்பட்டு 1965ல் 'மஹ்சூரி' என்று வெளியானது. லங்காவித் தீவின் கதைகளில் வரும் ஒரு பெண்ணின் பெயர் அது. மஹ்சூரி மறுபடி கடல் தாண்டி இந்தியாவுக்கு வந்து ஆந்திரம், அசாம் என்று பரவியது. தமிழ்நாட்டுக்கு வந்தபோது நாம் வைத்த பெயர் பொன்னி. 1986ல் வந்த வெள்ளைப் பொன்னியும் அதே வம்சம். தைவான் தாய், மலேசியாத் தந்தை, ஒடிசாவில் கல்யாணம், மலேசியாவில் வளர்ப்பு, காவிரியின் பெயர்! தோல்வி என்று எழுதப்பட்ட திட்டத்தின் பிள்ளைதான் இன்றைக்கும் நம் கல்யாணப் பந்தியில் விழுகிறது.

அந்தக் காலத்தில் இந்த விதையெல்லாம் ஒரு கடிதம், ஒரு உறை, ஒரு தபால் தலையோடு போச்சு. வோகல் யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. 1992ல் ரியோ நகரத்தில் பல்லுயிர் உடன்படிக்கை ஏற்பட்ட பிறகு, ஒரு நாட்டின் விதை அந்த நாட்டின் சொத்து என்று ஆனது. அதில் நியாயம் இருக்கிறது. ஏழை நாட்டு விதையை எடுத்துப்போய்க் காப்புரிமை போட்டு, அவர்களுக்கே விற்கப் பார்த்தவர்கள் உண்டு. பாசுமதிக்கு நடந்தது. ஆனால் கதவைச் சாத்தினால் நல்லவனுக்கும் சேர்த்துத்தான் சாத்துகிறது. அதற்காக நெல், கோதுமை உள்ளிட்ட 64 பயிர்களுக்கு ஒரு பொது ஏற்பாடாக 2001ல் சர்வதேச உடன்படிக்கை ஒன்று செய்தார்கள். 2004ல் அமலுக்கு வந்தது. ஒரே மாதிரியான ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் விதை கிடைக்கும். லாபம் வந்தால் ஒரு பங்கு பொது நிதிக்குக் கொடுக்க வேண்டும். பத்திரம் இருக்கிறது. வோகல் மாதிரி, பாதி தேறின சரக்கைக் கேட்டவுடன் கொடுக்கிற மனசு அதில் எழுதப்படவில்லை, எழுதவும் முடியாது.

விவசாயிகளைப் பொறுத்தவரை 2001ஆம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. தன் வயலில் விளைந்ததை விதைக்கு எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிர்ந்துகொள்ளலாம், விற்கவும் செய்யலாம். கம்பெனியின் முத்திரைப் பெயர் போட்டு மட்டும் விற்கக் கூடாது. உங்கள் ஊரில் யாரிடமாவது பழைய நெல் நாலு படி இருந்தால், அதைச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்ப எந்தத் தடையும் இல்லை.